லைக் போடுபவர் எல்லாம் வாடிக்கையாளர் அல்ல!



"வீட்டில் செய்யும் பலகாரங்களை ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுகிறேன். லைக் நிறைய வருகிறது, ஆர்டர்தான் வரவில்லை. என்ன செய்வது?" என்று தோழி ஒருவர் இந்தப் பகுதியில் கேட்டிருந்தார். ஏழு வருஷமாகப் பொடி, வற்றல், ஊறுகாய் செய்து, கடை என்று ஒன்று இல்லாமல் செல்போன் மூலமாகவே விற்று வருகிறேன். அந்த முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எங்கள் மகளிர் குழுவில் போன வருஷம் ஒரு தங்கை 15 ஆயிரம் ரூபாய் உள்கடன் கேட்டாள். எதற்கு என்றால், யாரோ ஒருவர் அவளுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் பத்தாயிரம் ஃபாலோயர்ஸ் பிடித்துத் தருகிறேன் என்று சொன்னாராம். கடன் கிடைக்காவிட்டால் வளையலை அடகு வைக்கவும் தயாராக இருந்தாள்.

குழுத் தலைவி அக்கா அதிகம் பேசவில்லை. "ஒரு பாட்டில் ஊறுகாய்க்கு உனக்கு என்னம்மா நிக்குது?" என்று கேட்டார்.

"60 ரூபாய் நிக்கும்க்கா."

"அப்போ இந்தக் காசை எடுக்கவே 250 பாட்டில் விக்கணும். அந்தப் பத்தாயிரம் பேர்ல ஊறுகாய் வாங்குற ஆளு எத்தனை பேருன்னு அவர் சொன்னாரா?"

அந்தத் தங்கையிடம் பதில் இல்லை. காசு கொடுத்துச் சேர்க்கும் ஃபாலோயர்ஸில் பாதிப் பேர் எந்த ஊரோ, எந்த நாடோ! பல கணக்குகளுக்குப் பின்னால் ஆளே இருப்பதில்லை. கடைசியில் குழு அவளுக்கு 6 ஆயிரம் ரூபாய் மட்டும் கடன் கொடுத்தது. அதில் ஒரு சீல் மிஷினும் டிஜிட்டல் தராசும் வாங்கினாள். வளையல் கையிலேயே இருக்கிறது. இப்போது மாதா மாதம் தவணை தவறாமல் கட்டுகிறாள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எல்லாமே நாம் தெருவில் கொடுக்கும் குரல் மாதிரிதான். கீரைக்காரம்மாவின் குரலைத் தெருவே கேட்கும். ஆனால் அவருக்குத் தெரியும், எந்த வீட்டில் அரைக்கீரை வாங்குவார்கள், எந்த வீட்டில் முருங்கைக்கீரை வாங்குவார்கள் என்று. அவருடைய வியாபாரம் அந்த ஞாபகத்தில்தான் நிற்கிறது. நாமும் அப்படித்தான் நடத்த வேண்டும்.

இடம் நம்முடையது அல்ல

2020-ஆம் வருஷம் ஜூன் 29-ஆம் தேதி மத்திய அரசு டிக்டாக் உள்பட 59 செயலிகளைத் தடை செய்தது. தடை சரியா தவறா என்பது வேறு பேச்சு. அதை மட்டுமே நம்பிச் சேலை, நகை விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரே நாளில் வாடிக்கையாளர் தொடர்பு அறுந்துபோனது. அடுத்த வருஷம் அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. மூன்றும் ஒரே கம்பெனி என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது!

ஆகவே தோழிகளே, அந்த இடமெல்லாம் வாடகைத் திண்ணைதான். உட்கார்ந்து வியாபாரம் பார்க்கலாம், சொந்தம் கொண்டாட முடியாது. நமக்குச் சொந்தமாக இருக்க வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். தருமபுரி மாவட்டத்தில் 1989-ல் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்தே குழு என்றால் கணக்கு நோட்டு என்று பழகியவர்கள் நாம். அதே பழக்கம் இங்கேயும் கை கொடுக்கும்.

வாங்குபவரின் பெயர், போன் எண், ஊர், என்ன வாங்கினார், எந்தத் தேதியில் வாங்கினார், இந்த ஐந்தையும் எழுதி வையுங்கள். "காரம் குறைவாக", "பூண்டு வேண்டாம்" என்று சொன்னால் அதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மாதம் கழித்து, "பருப்புப் பொடி தீர்ந்திருக்குமேம்மா, பூண்டு போடாமல் அரைக்கிறேன், அனுப்பட்டுமா?" என்று ஒரு வரி அனுப்பிப் பாருங்கள். நூறு ரீல்ஸ் செய்யாத வேலையை அந்த ஒரு வரி செய்யும்.

வாட்ஸ்அப்பில் ஒரு சூட்சுமம்

வியாபாரத்துக்கென்றே வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி 2018 முதல் இருக்கிறது. பொருளின் படம், விலை எல்லாவற்றையும் பட்டியலாகப் போட்டு வைக்கலாம். அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்குப் பதிலை முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பலர் செய்வது என்னவென்றால், வாங்குகிறவர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரு குரூப் ஆரம்பித்துவிடுவார்கள். இது வேண்டவே வேண்டாம். குரூப்பில் ஒருவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். நம்மை நம்பி எண் கொடுத்த பெண்களுக்கு, முன்பின் தெரியாத ஆளிடமிருந்து இரவு பதினோரு மணிக்கு "ஹாய்" வந்தால் அந்தப் பாவம் நம்மைத்தானே சேரும்?

அதற்குப் பதில் பிராட்காஸ்ட் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. நாம் அனுப்பும் செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போய்ச் சேரும், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஆனால் நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போகும். ஸ்டேட்டஸும் அப்படியே. "தினம் ஸ்டேட்டஸ் வைக்கிறேன், யாரும் பார்க்கவில்லை" என்று வருத்தப்படும் தோழிகளே, காரணம் இதுவாக இருக்கலாம். முதல் பார்சலிலேயே ஒரு துண்டுச் சீட்டில் "இந்த எண்ணை உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள்" என்று எழுதி வைத்துவிடுங்கள். செலவு இல்லாத விளம்பரம்!

படமும் விலையும்

படம் எடுக்கப் பெரிய கேமரா, லைட் எதுவும் தேவையில்லை. காலை வெயில் வரும் ஜன்னல் ஓரம் போதும். பொடியைத் தட்டில் கொட்டி, பக்கத்தில் ஒரு ஸ்பூன் வையுங்கள், அளவு புரியும். கடையில் விற்கும் பாக்கெட் படத்தையோ, இன்னொருவர் எடுத்த படத்தையோ போடவே கூடாது. படத்தில் சிவப்பாக இருந்த மிளகாய்ப் பொடி பார்சலில் பழுப்பாக வந்தால் அந்த வீட்டிலிருந்து மறுபடி ஆர்டர் வராது.

விலையை மறைக்காதீர்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று போட்டால் பாதிப் பேர் தாண்டிப் போய்விடுவார்கள். விலை கேட்கவே கூச்சப்படுகிற குடும்பப் பெண்கள் எத்தனையோ பேர்! எத்தனை கிராம், என்ன விலை, கூரியர் எவ்வளவு, எந்தக் கிழமை அனுப்புவீர்கள், நான்கையும் படத்தின் கீழேயே எழுதுங்கள். கூரியர் செலவைச் சேர்க்காமல் விலை வைத்தால், ஆர்டர் கூடக் கூட நஷ்டமும் கூடும், ஜாக்கிரதை!

தினம் பத்துப் படம் போடவும் வேண்டாம். வெயில் காலத்தில் வற்றல் காயப் போடும்போது ஒரு படம், தீபாவளிக்கு இருபது நாள் முன்னால் லேகியம், பலகாரத்துக்கு ஒரு அறிவிப்பு, ஆர்டர் முடியும் தேதி என்று காலம் பார்த்துப் போட்டால் போதும். இதற்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நான் மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை வைத்திருக்கிறேன். "எந்நேரமும் போனும் கையுமா இருக்கே" என்று வீட்டில் யாரும் சொல்லவும் வழியில்லை.

குறை சொன்னால் கோபம் வேண்டாம்

எண்ணெய் கசிந்துவிட்டது, பாட்டில் உடைந்துவிட்டது என்று யாராவது எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதினால், அதை அழிக்கவும் வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம். "மன்னிக்கணும்மா, வேறு பாட்டில் அனுப்புகிறேன்" என்று அதே இடத்தில் பதில் போட்டு, சொன்னபடி அனுப்பியும் விடுங்கள். ஒரு பாட்டில் போனால் போகட்டும். நாம் பதில் சொல்லும் விதத்தை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் பத்துப் பேர் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உணவுப் பொருள் விற்பவர்கள், வீட்டில் செய்தாலும்கூட, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாக வேண்டும். அவர்கள் தரும் 14 இலக்க எண்ணை லேபிளில் போடுங்கள். தயாரித்த தேதியும் சேர்மானமும் கட்டாயம் இருக்கட்டும். முகம் தெரியாதவர் நம் கைப்பக்குவத்தை நம்பி வாங்க அதுவும் ஒரு தைரியம்தானே!

ஏமாறாமல் இருக்க

பெண்கள் தனியாக வியாபாரம் செய்கிறார்கள் என்றாலே தேடி வரும் கூட்டம் ஒன்று உண்டு. "பெரிய ஆபீஸிலிருந்து பேசுகிறோம், 50 கிலோ முறுக்கு வேண்டும், முன்பணம் அனுப்புகிறோம், இந்தக் கியூ.ஆர். படத்தை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்பார்கள். நன்றாக மனதில் வையுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் கேட்டால் பணம் நம்மிடமிருந்து போகப்போகிறது என்று அர்த்தம்.

"பணம் போட்டாச்சு" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் அதை நம்பிப் பார்சலைக் கட்டாதீர்கள். உங்கள் கணக்கில் பணம் ஏறிவிட்டதா என்று நீங்களே பார்த்த பிறகுதான் மூட்டை கட்ட வேண்டும். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க இரட்டைப் பூட்டு வசதி இருக்கிறது, இன்றே போட்டு வையுங்கள். இத்தனைக்கும் மீறிப் பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வழி உண்டு.

வியாபாரத்துக்குத் தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். லேபிளில் விலாசம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஊரே பார்க்கும் பக்கத்தில் வீட்டு வாசல் படம், பிள்ளைகள் ஸ்கூல் யூனிஃபார்மில் நிற்கும் படமெல்லாம் வேண்டாமே! தப்பாகப் பேசுகிற ஆளிடம் "ஆர்டர் போயிடுமோ" என்று பொறுத்துக்கொண்டு போக அவசியமே இல்லை. செய்தியைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அந்த எண்ணைத் தடை செய்துவிடுங்கள். அப்படி வரும் காசு நமக்கு எதற்கு?

கேள்வி கேட்ட தோழிக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்கு லைக் போட்டவர்களை விடுங்கள். இதுவரை உங்களிடம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இருபது பேர் இருந்தாலும் சரி, அந்த இருபது பேருக்கும் பெயர் சொல்லி ஒரு செய்தி அனுப்புங்கள். "போன தடவை எப்படி இருந்ததும்மா?" என்று கேளுங்கள். குறை சொன்னால் திருத்துங்கள், நிறை சொன்னால் "உங்க அக்கா, தங்கச்சிகிட்டயும் சொல்லுங்க" என்று உரிமையாகக் கேளுங்கள். ஒருவர் மூலம் இன்னொருவர் என்று என் நோட்டில் இன்றைக்கு 340 பெயர்கள் இருக்கின்றன. மகளின் காலேஜ் ஃபீஸை மூன்று வருஷமாக அந்த நோட்டுதான் கட்டுகிறது.

துணி தைப்பவர்கள், ஆரி வேலை செய்பவர்கள், சேலை விற்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்களேன், எல்லோருக்கும் பயன்படும்!

– ஒரு வாசகி, திண்டுக்கல்