கொச்சியில் ஒரு தமிழ்த் திவான்

எர்ணாகுளத்தில் முன்பு காயலை ஒட்டிச் சென்ற சண்முகம் சாலையை, அந்நகரில் வாழும் தமிழர்களாகிய நம்மில் அறியாதார் இரார். ஆயினும், அப்பெயருக்கு உரியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு தமிழர் என்பதை நம் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் அறிவர்? 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக விளங்கிய சர் ஆர். கே. சண்முகம் செட்டியார் அவர்களே அவர்.

1892-இல் பிறந்த செட்டியார் அவர்கள், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று வக்கீலானார். கோவை நகரசபையில் தொடங்கிய பொதுவாழ்வு அவரை 1920-இல் சென்னைச் சட்டசபைக்கும், பின்னர் தில்லி மத்திய சட்டசபைக்கும் கொண்டு சென்றது. 1933-இல் அச்சபையின் தலைவரானார். 1932-இல் ஒட்டாவா மாநாட்டிற்குச் சென்று, அங்கே உருவான வாணிப ஒப்பந்தத்தை ஆதரித்தமையால் தேசியவாதிகளின் கண்டனத்துக்கு ஆளானார். 1934 தேர்தலில் தோல்வியுற்றார். அதற்கு அடுத்த ஆண்டே கொச்சி அரசர் அவரைத் திவானாக்கினார்.

அந்நாளையக் கொச்சியின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். போர்ட் கொச்சி ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டது. சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. அதனை அடுத்துள்ள மட்டாஞ்சேரியோ மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. தெருக்கள் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்க, அரசுகள் மட்டும் வேறாயிருந்தன. துறைமுகத்தின் வருவாயிலோ திருவிதாங்கூருக்கும் பங்கு உண்டு. ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியியல் வல்லுநர் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி வழி திறக்க, 1928-இல் பெருங்கப்பல்கள் உள்ளே வரலாயின. தோண்டியெடுத்த மண்ணே வில்லிங்டன் தீவாயிற்று. 1936-இல் கொச்சி பெரிய துறைமுகம் என்னும் தகுதியைப் பெற்றது. பல அரசுகளின் உரிமைகள் பின்னிக் கிடந்த இத்தகைய இடத்தில், ஒப்பந்தங்களை ஆராயப் பழகிய ஒரு வக்கீல் திவானாக வாய்த்தது பெரிதும் பயனுடையதாயிற்று எனலாம்.

திவான் மக்கள் தேர்ந்தெடுத்தவர் அல்லர், அரசருக்கே பொறுப்புடையவர். எனினும், செட்டியார் அவர்களின் காலத்திலேயே, 1938-இல், கொச்சியில் இரட்டையாட்சி முறை வந்தது. கிராம முன்னேற்றம் போன்ற சில இலாக்காக்கள் சட்டசபைக்குப் பொறுப்பான ஓர் அமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டன. அம்பாட்டு சிவராம மேனன் முதல் அமைச்சரானார். நிதி முதலிய முக்கிய அதிகாரங்கள் திவானிடமே நின்றன. ஆதலின் இது முழுமையான மக்களாட்சியன்று; அதன் முதற்படியே.

1947-இல் நாடு விடுதலை பெற்றபோது, காங்கிரஸ்காரர் அல்லாத செட்டியார் அவர்களை நேருவின் அமைச்சரவை நிதியமைச்சராக ஏற்றது. 1947 நவம்பர் 26-ஆம் நாள் சுதந்திர இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை அவர் சமர்ப்பித்தார். ஏழரை மாதங்களுக்குரிய அத்திட்டத்தில் வரவு 171 கோடி ரூபாய். செலவு 197 கோடி ரூபாய். தேசப் பிரிவினையால் வீடிழந்தோரைக் காப்பதும், நாட்டின் பாதுகாப்பும், உணவுத் தானிய இறக்குமதியும் அன்று பெருஞ்சுமையாயிருந்தன.

1948 ஆகஸ்டில் அப்பதவி முடிவுற்றது. வருமான வரி விசாரணைக் குழுவுக்கு அனுப்பப்பட்ட சில வழக்குகள் திரும்பப் பெறப்பட்டமை பற்றிச் சட்டசபையில் கேள்வி எழுந்தது. செட்டியார் அவர்கள் பதவி விலகினார். அவருக்குப்பின் நிதியமைச்சரானவர் கேரளத்தவரான ஜான் மத்தாய்.

அரசியலோடு தமிழ்ப்பணியும் செட்டியார் அவர்களுக்கு உண்டு. தமிழிசை இயக்கத்தில் முன்னின்றார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்திற்கு உரை வரைந்தார். ஒரு துறைமுகத்தின் வளர்ச்சியை அருகிருந்து கண்டவர், பூம்புகாரின் வளத்தை விளக்க முற்பட்டது பொருத்தமே. 1953-இல் அவர் மறைந்தார்.

திவானாக இருந்தபோது அவர் அரசர் ஒருவருக்கே விடை கூறினால் போதும். அமைச்சரானபோதோ, மக்கள் பிரதிநிதிகள் எழுப்பிய கேள்வி அவரது பதவியையே அகற்றியது. முடியாட்சிக்கும் மக்களாட்சிக்கும் உள்ள வேற்றுமையை இந்த ஒருவரின் வரலாற்றிலேயே நாம் தெளிவாகக் காண்கிறோம்.