வால்வு எரிந்தால் காரணத்தைத் தேடுக

எம் தந்தையார் விட்டுச்சென்ற வால்வு ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று நல்லூரில் எம் இல்லத்தில் உண்டு. அண்மையில் அது திடீரென ஊமையாயிற்று. சீராக்கி வால்வு பழுது என்று கண்டு, வேறொன்றைச் செருகினோம். உள்ளே பொறி பறந்து அதுவும் மாண்டது. அரிதிற் கிடைக்கும் அவ்வால்வு எம்மிடம் இன்னும் ஒன்றே எஞ்சியது. காரணம் அறியாது அதனைச் செருகக் கை துணியவில்லை.

ஆடலோட்டத்தை நேரோட்டமாக்குவதே சீராக்கி வால்வின் தொழில். அடுத்துள்ள கொள்ளளவி அந்த நேரோட்டத்தின் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும். முதுமையால் கொள்ளளவி கசியுமாயின், வால்வு தன் சக்தியை மீறி மின்னைக் கொடுத்து மாளும். வால்வினுள் தகடு செந்நிறமாகத் தகிப்பது இதற்கு அறிகுறி. அளவிற் பெரிய கொள்ளளவியும் தீதே, ‘ஜீ.இசட். 34’ வால்வுக்கு 60 மைக்ரோபரட்டே எல்லை. அணைத்த பெட்டியைச் சூடு ஆறுமுன் மீண்டும் இயக்குவதும், உருகிக்குப் பதிலாகத் தடித்த கம்பியை இடுவதும் கேடு.

மாணவர்களே! செருகியைக் கழற்றிய பின்னும் கொள்ளளவியில் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். கைதேர்ந்தவர் துணையின்றிப் பெட்டியைத் திறவாதீர்கள்.

தொழில் தெரிந்த ஒருவர் எம் பெட்டியின் கொள்ளளவியை அளந்தபோது கசிவு புலப்பட்டது. அதனை மாற்றிய பின்னரே கடைசி வால்வைப் பொருத்தினோம். தந்தையார் போற்றிய நாதசுர இசைத்தட்டு மீண்டும் பாடிற்று. நோயின் முதலை நாடுமாறு மருத்துவனுக்கு வள்ளுவர் கூறியது பெட்டிக்கும் பொருந்துமன்றோ!