மயிலாப்பூரில் ஒரு திருத்தூதர்

இயேசு தம் சீடருள் பன்னிருவரைத் தேர்ந்து நற்செய்தி அறிவிக்க அனுப்பினார். அவ்வாறு அனுப்பப்பட்டோரே திருத்தூதர்கள் எனப்படுகின்றனர். அவர்களுள் ஒருவரான தோமா கி.பி. 52-இல் கொடுங்கல்லூரை ஒட்டிய கடற்கரையில் இறங்கினார் என்றும், பின்னர் சோழமண்டலக் கரைக்கு வந்து கி.பி. 72-இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்றும் தென்னிந்தியக் கிறித்தவர் நம்புகின்றனர். இவ்வாண்டுகள் மரபு வழங்குவனவே. கல்வெட்டுச் சான்று ஏதும் அவற்றுக்கு இல்லை.

தோமாவின் இந்தியப் பயணத்தை விரித்துரைக்கும் மிகப் பழைய நூல், 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாக் மொழியில் எழுந்த ‘தோமாவின் பணிகள்’ என்பதாகும். கொண்டபரேசு என்னும் அரசன் அரண்மனை கட்டத் தந்த பொருளைத் தோமா ஏழைகளுக்கு வழங்கிவிட்டார் என்று அந்நூல் கூறுகிறது. அதில் புனைவு மிகுதி. எனினும் 19-ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானிலும் பஞ்சாபிலும் கிடைத்த காசுகள், அப்பெயருடைய மன்னன் முதல் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை உண்மையாகவே ஆண்டதை மெய்ப்பித்தமையால், நூல் முழுவதையும் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவது முறையாகாது.

தோமாவின் நினைவு போர்ச்சுக்கீசியர் உண்டாக்கியது என்ற கருத்தும் நிலைக்காது. அவர்கள் வருவதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, தோமாவின் கல்லறை இங்குள்ள சிற்றூர் ஒன்றில் இருப்பதாகவும், கிறித்தவரும் இசுலாமியரும் ஒருங்கே அங்கு வந்து வழிபடுவதாகவும், அங்குள்ள செம்மண்ணைக் காய்ச்சலுக்கு மருந்தாக எடுத்துச் செல்வதாகவும் எழுதிவைத்தார். சமய எல்லை கடந்த அந்த வழிபாடே இவ்வரலாற்றின் மிக அரிய செய்தி எனலாம். 1547-இல் பரங்கிமலையில் தோண்டும்போது கிடைத்த கற்சிலுவையில் பகலவி எழுத்து, அதாவது பண்டைய பாரசீக எழுத்து, பொறிக்கப்பட்டுள்ளது; அது தோமாவின் காலத்தது அன்று என்றாலும், பாரசீகத் தொடர்புடைய கிறித்தவர் இங்கு நெடுங்காலம் முன்பே வாழ்ந்ததைக் காட்டுகிறது.

கல்லறை மீது இன்று நிற்கும் சாந்தோம் பேராலயம் 1896-இல் கட்டி முடிக்கப்பட்டது. திருத்தூதரின் எலும்புகளோ முன்பே எதெசா நகருக்கும், அதன்பின் 1258-இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் சென்றுவிட்டதாக மரபு சொல்கிறது. நஸ்ராணிகள் எனப்படும் கேரளத்துத் தோமா வழிக் கிறித்தவர் பிற்காலத்தில் பல சபைகளாகப் பிரிந்தபோதும், ஒவ்வொரு சபையும் தோமாவையே தன் மூலவராகக் கொள்கிறது. எதெசாவில் வளர்ந்த சிரியாக் மொழி அவர்களுடைய வழிபாட்டில் இன்றும் ஒலிக்கிறது.