வாலைக் கவ்விய பாம்பு

பெருவெள்ளம் வடிந்தபின் மதுரையின் பழைய எல்லை தெரியாமல் பாண்டியன் திகைத்தான். சித்தராக வந்த சிவன், கங்கணமாய்க் கிடந்த பாம்பை இறக்கிவிட்டார். அது ஊரைச் சுற்றி ஊர்ந்து, தன் வாலையே வாயில் கவ்வி எல்லை காட்டியது. மதுரையின் திருவாலவாய் என்ற பெயருக்குப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் சொல்லும் காரணம் இது.

எகிப்திலும் இதே வடிவம் உண்டு. 1922-இல் கண்டறியப்பட்ட துட்டன்காமன் கல்லறையின் பொன் வேய்ந்த பேழையொன்றில், நிற்கும் உருவத்தின் தலையையும் காலடியையும் வாலைக் கவ்விய பாம்புகள் வளைத்திருக்கின்றன. வயது சுமார் 3,300 ஆண்டு. அங்கே காவல் இறந்தவனுக்கு, இங்கே குடியிருப்போருக்கு.

அரசமரத்தடி நாகர் கற்களின் பின்னிய பாம்புகளுக்கோ வேறு வேலை: பிள்ளை வரம்.

மதுரைக்கு மேற்கே நீளும் நாகமலை, சமணர் ஏவிய பாம்பு கல்லானது என்பதும் அதே புராணத்தின் கதைதான்.