நந்தி விலகியது, நந்தன் எங்கே நின்றார்?

மயிலாடுதுறை மாவட்டம் வைத்தீஸ்வரன்கோயிலுக்கு அருகே இருக்கிறது திருப்புன்கூர். அங்குள்ள சிவலோகநாதர் கோயிலில் நந்தி சன்னதிக்கு நேராக இல்லாமல் ஒதுங்கிப் படுத்திருக்கும். வெளியே நின்ற நந்தனாருக்குக் காட்சி தர, சிவன் நந்தியை விலகச் சொன்னார் என்பது தலவரலாறு. களஆய்வுக்கு வரும் மாணவர் இதைக் குறித்துக்கொண்டு, படமும் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிவிடலாம். ஆனால் வேலையே அங்கேதான் தொடங்குகிறது.

நந்தி விலகியது. நந்தன் உள்ளே போனாரா? 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்திலும் அவர் வாசலில் நின்றுதான் கும்பிடுகிறார். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவர் அவர். கொடுத்த பொருள் உள்ளே போனது. கொடுத்தவர் வெளியே நின்றார்.

இன்னொன்று. அங்கே குளம் தோண்டியவர் நந்தன் என்கிறார் சேக்கிழார். தலவரலாறோ விநாயகர் துணை நின்றதாகச் சொல்கிறது; ‘குளம் வெட்டிய விநாயகர்’ என்ற பெயரும் வழங்குகிறது. மண்வெட்டி பிடித்த கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை எப்போது சேர்ந்தது? ஏட்டில் இருப்பது, கோயிலில் சொல்வது, சேரியில் சொல்வது என்று மூன்று பக்கங்களில் எழுதி, அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மூன்றாவது பக்கம்தான் காலியாகக் கிடக்கிறது.

மகாராஷ்டிரத்தின் மானிடவியலாளர் இராவதி கார்வே, பண்டரிபுரப் பாதயாத்திரையில் தாமும் நடந்து எழுதிய கட்டுரை 1962இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஒரே குழுவில் சேர்ந்து பாடி நடந்த பிராமணரும் மராத்தா சாதியினரும் சாப்பாட்டு வேளையில் பிரிந்ததை அவர் பதிவு செய்தார். பாட்டை மட்டும் கேட்டிருந்தால் பந்தி தெரிந்திருக்காது.

நம் ஊர்த் திருவிழாவுக்கும் அந்தக் கண் வேண்டும். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். சட்டம் வாசலைத் திறந்துவிட்டது. தேர் எந்தத் தெரு வரை வருகிறது, எங்கே திரும்புகிறது? வடம் பிடிப்பவர் யார்? பறை அடிப்பவர் எங்கே நிற்கிறார்? முதல் மரியாதை யாருக்கு? திருவிழா வரியை யாரிடம் வாங்க மறுக்கிறார்கள்? இதையெல்லாம் கேட்டு எழுத வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நம்மிடம் மனம் திறந்து பேசியவரின் பெயரை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது. நாம் ஊருக்குத் திரும்பிவிடுவோம். அவர் மறுநாள் காலை அதே தெரு வழியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும்.

சேரியிலிருந்து கல்லூரிக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வேலை அதிகம் பொருந்தும். நந்தன் கதையை நம் பாட்டிமார் எப்படிச் சொல்கிறார்கள் என்று யாரும் கேட்டு எழுதியிராத ஊர்கள் நிறைய. வருகிற திருவிழாவுக்கு வீட்டுக்கு வரும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவருவோம். மூன்றாவது பக்கத்திலிருந்து எழுதத் தொடங்குவோம்.