எம்.ஆர்.ஐ. கருவி நிறுவலில் இடச்சூழல் ஆய்வு

1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் இயங்கும் எம்.ஆர்.ஐ. கருவியில், உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மிக நலிந்த சைகைகளை வெளியிடுகின்றன. அதே அதிர்வெண்ணில் வெளியிலிருந்து நுழையும் வானொலி அலை, படத்தில் பொய்க்கோடுகளாகப் பதியும். அறையைச் சுற்றிச் செப்புத்தகடு பதித்து இதனைத் தடுக்கலாம். ஆனால், அருகில் இயங்கும் மின்தூக்கி, மின்தொடர்வண்டி, கனரக ஊர்தி ஆகியவற்றால் மெதுவாக மாறும் காந்தப்புலத்தைச் செப்பு தடுப்பதில்லை. தரையின் அதிர்வையும் தடுப்பதில்லை. இவ்விரண்டும் படத்தின் தெளிவைக் குலைப்பவை; கருவியை நிறுவியபின் சீர்செய்வதற்கு அரியவை. எனவே, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் நிலையிலேயே, போக்குவரத்து மிகுந்த நேரமும் அடங்குமாறு முழுநாள் அளவீடு செய்தல் வேண்டும். அமைதியான ஒரு மணி நேரத்தில் எடுத்த அளவை மட்டும் நம்பினால், அதன் விளைவு நோயறிதலில் பிழையாக முடியக்கூடும்.