வாயால் சொல்லுங்கள், விண்டோஸ் கேட்கும்!

அண்ணாகிராமத்தில் உள்ள என் பெரியப்பா வீட்டிற்கு விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் வந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவரது வலது கை மவுஸைப் பிடிக்காது. "எனக்கு எதுக்குப்பா இது?" என்றார். அவருக்காக நான் இயக்கிக் கொடுத்த வசதி வாய்ஸ் அக்சஸ். நீங்களும் இதனைப் பயன்படுத்தலாம்.

செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, பின் ஸ்பீச் சென்று வாய்ஸ் அக்சஸை ஆன் செய்திடவும். மொழியாக இங்கிலீஷ் (இந்தியா) தேர்ந்தெடுக்கவும். இதற்கான மொழி பைல் டவுன்லோட் ஆகும் வரைதான் இன்டர்நெட் தேவை.

"ஓப்பன் நோட்பேட்" என்றால் நோட்பேட் திறக்கும். "ஷோ நம்பர்ஸ்" என்றால் திரையிலுள்ள பட்டன்கள் மீது எண்கள் தோன்றும். "கிளிக் 5" என்றால் அந்த பட்டன் அழுத்தப்படும். பெரியப்பாவுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும். ஆனால் கடிதத்தைத் தமிழிலேயே சொல்லி எழுதலாம். முதலில் "வாய்ஸ் அக்சஸ் ஸ்லீப்" எனக் கூறி அதனை உறங்க வைக்கவும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பார் அழுத்தி, ஏற்கெனவே சேர்த்து வைத்த தமிழ் கீபோர்டுக்கு மாறவும். பின் விண்டோஸ் கீயுடன் எச் அழுத்திப் பேசவும். இதற்கு இன்டர்நெட் இணைப்பு அவசியம்.

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்து அனுப்பவும். 2006ல் விஸ்டாவின் பேச்சறியும் வசதியை மைக்ரோசாப்ட் செய்து காட்டியபோது, "டியர் மாம்" என்றதை அது "டியர் ஆன்ட்" என எழுதியது! இன்று நிலை வெகுவாக மாறிவிட்டாலும், மின்விசிறிச் சத்தம் இன்னும் குழப்பும். மைக் உள்ள ஹெட்செட் நல்லது.

சென்ற வாரம் பெரியப்பாவிடமிருந்து எனக்கு இமெயில் வந்தது. நான்கு வரி, இரண்டு பிழை. அத்தனையும் அவரே சொல்லி எழுதியது.